நம்மைப் பற்றிய படிப்பில் நாம் எங்கே இருக்கிறோம்?
தெற்காசிய ஆய்வுகளும் தலித் மாணவர்களின் உதவித்தொகையும்

(ரோகித் வெமுலா நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரோகித் வெமுலாவின் நினைவாக நடக்கும் இந்த நிகழ்வில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நினைவுநாளுக்கு இது சிறிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் விட்டுச்சென்ற கடிதத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் நட்சத்திரங்களைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் அவர் எழுதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே கடிதத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஏழு மாத ஆய்வு உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது. அதை வீட்டுக்குச் சேர்த்துவிடுங்கள், அதிலிருந்து நண்பரின் கடனை அடைத்துவிடுங்கள் என்கிறார். கடைசிக் கடிதத்திலும் கணக்கு எழுதவேண்டிய நிலையில் ஓர் ஆய்வு மாணவரைப் பல்கலைக்கழகம் வைத்திருந்தது.

ஆகவே இன்று பணத்தைப் பற்றியே பேசுகிறேன். குறிப்பாக, 'தெற்காசிய ஆய்வுகள்' என்ற துறைக்குள் செல்லும் பணத்தைப் பற்றி. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் முதலான நாடுகளின் மொழி, வரலாறு, சமூகம், சமயம் ஆகியவற்றைப் படிக்கும் துறைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயர். அந்தத் துறையின் மையமான கேள்விகளில் ஒன்று சாதி. நம்மைப் பற்றிய படிப்பு அது. அதில் யார் அமர்ந்து படிக்கிறார்கள், அந்த நாற்காலிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

1916: ஒரு கருத்தரங்க அறை

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913இல் அம்பேத்கர் நியூயார்க் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்கவேண்டும் என்பது ஒப்பந்தம். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்ற கட்டுரையை வாசித்தார். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்ற வாதத்தை அவர் வைத்தது ஒரு மாணவர் கருத்தரங்கில். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அது அச்சானது. கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்கவேண்டும். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்த அவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பிறகு பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சம்பாதித்த சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடன் ஆகியவற்றைக் கொண்டுதான் 1920இல் மறுபடி லண்டன் போக முடிந்தது. மன்னரின் உதவி, நண்பரின் கடன், சொந்தச் சேமிப்பு என்று துண்டு துண்டாகச் சேர்த்த பணத்தில் உருவான படிப்பு அது.

ஒரு மன்னரின் தயவில் ஒருவர் படிக்கலாம். ஒரு சமூகம் படிக்க முடியாது. அரசு நிதி வேண்டும் என்பதை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் அம்பேத்கர் வற்புறுத்தினார். 1944இல் பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் வாங்கும் உதவித்தொகையின் வேர் அது. வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகைத் திட்டம் 1954-55இல் வந்தது.

கோதுமை கொடுத்து வாங்கிய புத்தகங்கள்

இந்தப் பக்கம் நாம் இப்படித் துண்டு துண்டாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நம்மைப் படிப்பதற்குப் பெரும் பணம் ஒதுக்கப்பட்டது. 1958இல் அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பனிப்போர்க் காலம். உலகின் மொழிகளையும் நாடுகளையும் அறிந்தவர்கள் அந்த அரசுக்குத் தேவைப்பட்டார்கள். தெற்காசிய மையங்களும் தமிழ் உள்ளிட்ட மொழிகளைப் படிக்க உதவித்தொகையும் அந்தச் சட்டத்தின் வழியே வளர்ந்தன. அந்த மொழி உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களும் இதழ்களும் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. நம் ஊரில் கிடைக்காத ஒரு தமிழ் நூல் சிகாகோ நூலகத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம். ரேஷன் கடையில் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நூலகத்தில் மறைமுகமான பங்கு இருக்கிறது. 1961இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் தமிழ் வகுப்புகள் நடத்துகிறது. வெளிநாட்டு மாணவர்கள் உதவித்தொகையோடு வந்து தமிழ் கற்றுப் போகிறார்கள். அவர்கள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. பலர் நமக்கு நல்ல நூல்களைத் தந்திருக்கிறார்கள். எதிர்த் திசையில் நம் மாணவருக்கு அதே வசதி உண்டா என்றுதான் கேட்கிறேன்.

எந்தத் தெருவில் தங்கினார்கள்?

சமூகவியல் முதுகலை வகுப்பில் ஆந்த்ரே பெத்தேய் எழுதிய தஞ்சை கிராமம் பற்றிய நூல் எங்களுக்குப் பாடம். 1965இல் வந்தது. கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் தன்னைப் பிராமணரோடு சேர்த்தே ஊர் பார்த்தது என்பதையும், சேரிக்குள் போய்ப் பழகுவதற்கு அது தடையானது என்பதையும் அவரே நூலில் சொல்கிறார். நேர்மையான குறிப்பு. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறாரோ அந்தத் தெருவின் சன்னல் வழியாகத்தான் ஊர் தெரியும் என்பதற்கு அது நல்ல சான்று.

1979இல் மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்க மானுடவியலாளரின் நூல் வந்தது. அவர் செங்கல்பட்டுப் பகுதிச் சேரியிலேயே ஆய்வு செய்தவர். சேரி மக்கள் தங்களுக்குள்ளும் அதே மேல்கீழ் அடுக்கை வைத்திருக்கிறார்கள், ஆகவே அவர்கள் சாதியின் அடிப்படைக் கருத்தை ஏற்றுக்கொண்டவர்கள் என்பது அவர் முடிவு. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதைக் கடுமையாக மறுத்தார்கள். ஆனால் நூல் வந்த காலத்தில் அந்தச் சேரியிலிருந்து ஒருவர் எழுந்து, 'நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை' என்று அதே மொழியில், அதே அரங்கில் பதில் சொல்லும் நிலை இல்லை.

இந்திய சமூக அறிவியலில் கோட்பாடு பேசுவது ஒரு சாதியின் வேலையாகவும், தகவல் சேகரிப்பது மற்றவர்களின் வேலையாகவும் பிரிந்திருக்கிறது என்று கோபால் குரு 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையைப் படிக்காத மாணவர்கள் தேடிப் படியுங்கள். 2008இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தலித் ஆய்வுகளுக்கென்று ஒரு மாநாடு நடந்தது. அதிலிருந்து விளைந்த தொகுப்பை ராம்நாராயண் ராவத், கே. சத்தியநாராயணா இருவரும் பதிப்பித்தார்கள்; 2016இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒரு மாநாடு, எட்டு ஆண்டு உழைப்பு, ஒரு நூல், பிறகு பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் ஒரு வரி. கருத்தரங்கு என்பது சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியாக நடக்கும்போது இப்படித்தான் வேலை செய்கிறது.

ஷைலஜா பைக் புனே எரவாடாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகையில் இங்கிலாந்து போய் வார்விக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தலித் பெண்களின் கல்வி பற்றியும், தமாஷா கலைஞர்களான தலித் பெண்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். இன்று சின்சினாட்டி பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். 2024இல் மக்கார்தர் ஃபெலோஷிப் அவருக்குக் கிடைத்தது. அவர் எழுதியதை அக்கிரகாரச் சன்னலிலிருந்து எழுதியிருக்க முடியாது.

2022இல் சேர்ந்த ஒரு வரி

இனி நம் அரசின் திட்டத்துக்கு வருகிறேன். பட்டியல் சாதி முதலானோருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு; மீதி சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோருக்கு. 30 சதவீதம் பெண்களுக்கு. வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆகியவை நிபந்தனைகள். பழங்குடியினருக்குத் தனித் திட்டம், ஆண்டுக்கு 20 இடங்கள்.

இந்தத் திட்டத்தின் விதிமுறையில் 2022 பிப்ரவரியில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்திய சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இனி உதவித்தொகை கிடையாது. அவற்றைப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறது, வெளிநாடு எதற்கு என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

இந்த வரியின் பொருளை யோசித்துப் பாருங்கள். நம் மாணவர் அரசுப் பணத்தில் போய் இயந்திரவியல் படிக்கலாம், கணக்கியல் படிக்கலாம். பிரெஞ்சுப் புரட்சியைக்கூட ஆராயலாம். தன் சேரியைப் பற்றி ஆராயக் கூடாது. 1916 மே 9 அன்று அம்பேத்கர் வாசித்த கட்டுரை இந்த விதியின்கீழ் வராது. ஷைலஜா பைக்கின் ஆய்வும் வராது. சொந்தப் பணத்தில் போகும் வசதி உள்ளவர்களுக்கு இந்த விதி ஒன்றும் செய்யாது. அவர்கள் போய் இந்தியாவைப் பற்றி, சாதியைப் பற்றி, நம்மைப் பற்றி எழுதலாம். தடை ஏழைத் தலித் மாணவருக்கு மட்டும்.

இடம் கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் வரும் என்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழகம் செப்டம்பரில் திறக்கிறது. ஜூலையில் நிதிக்குக் காத்திரு என்றால் அந்த மாணவர் என்ன செய்வார்?

என்னென்ன இருக்கின்றன

கதவு ஒன்றில் பூட்டு விழுந்தால் மற்றக் கதவுகளைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உள்நாட்டில் முனைவர் பட்டம் செய்பவர்களுக்குப் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 இடங்கள். 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது இதுதான். 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் ஆய்வு உதவித்தொகை தருகிறது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவருக்கும், அயல்நாட்டு உயர்கல்விக்கும் உதவி வழங்குகிறது.

இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைக்குச் செவனிங் உதவித்தொகை. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். ஊதியமில்லாத தன்னார்வப் பணியும் கணக்கில் வரும். இயக்கத்தில் இரவுப் பள்ளி நடத்தியவர், உண்மையறியும் குழுவில் போனவர் தன் வேலையை மணிக்கணக்கோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஃபீலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, சோயாஸ், ரெடிங் ஆகிய இடங்களில், வசதியில்லாத இந்திய மாணவர்களுக்கு. காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை: கட்டணம் போக மாதம் 1,400 யூரோ. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. 1962இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, தமிழும் கற்பிக்கிறார்கள். சொந்தச் செலவில் ஜெர்மனி போகிறவர் விசாவுக்காக ஓர் ஆண்டுச் செலவை, ஏறக்குறைய 12,000 யூரோ, வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அது தேவைப்படாது. கட்டணம் இல்லை என்ற சொல்லை மட்டும் கேட்டு ஏஜென்டிடம் போய் ஏமாறாதீர்கள்.

அமெரிக்கா என்றாலே கல்விக் கடன் என்று நினைக்கிறோம். முதுகலைக்கு அது பெரும்பாலும் உண்மை. முனைவர் பட்டம் வேறு கணக்கு. நல்ல பல்கலைக்கழகங்களில் முனைவர் மாணவருக்குக் கட்டணம் கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் பணமும் தருவார்கள். முதுகலை முடித்தவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கெடு பெரும்பாலும் டிசம்பர். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 80, 100 டாலர் வரும். வசதியில்லை என்று எழுதிக் கேட்டால் பல துறைகள் தள்ளுபடி செய்யும். இங்கே ஏற்கெனவே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் 6 முதல் 9 மாதம் அங்கே போய் ஆய்வு செய்யலாம். ஒன்றையும் சொல்லவேண்டும்: 2025 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கலை மற்றும் சமூக அறிவியல் துறைகளில் முனைவர் சேர்க்கையைக் குறைத்துவருகின்றன. ஒரே நாட்டை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

மாநாடுகளும் அவற்றின் வாசற்படியும்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மாநாடு 1971 முதல் மாடிசன் நகரில் நடக்கிறது. இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும். ஐரோப்பியத் தெற்காசிய ஆய்வுச் சங்கத்தின் மாநாடு பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிரிட்டிஷ் சங்கம் ஆண்டுதோறும் நடத்துகிறது. நம் நாட்டில் இந்திய சமூகவியல் சங்கத்தின் அகில இந்திய மாநாடு, இந்திய வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை, தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை இருக்கின்றன. முதல் கட்டுரையை இங்கே வாசியுங்கள். செலவு குறைவு, கேள்வி கேட்பவர்களுக்கு ஊர் தெரியும்.

இந்த இடங்களில் நுழைவுக்குக் கேட்பது பெரும்பாலும் 250 சொல்லில் ஓர் ஆய்வுச்சுருக்கம். என்ன கேள்வி, எந்த ஆதாரம், இதுவரை சொல்லப்பட்டதிலிருந்து எங்கே வேறுபடுகிறேன் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் பட்டா கதை, உங்கள் பாட்டி வேலை பார்த்த தேயிலைத் தோட்டம், ஆதிதிராவிடர் நல விடுதியின் பதிவேடு எல்லாம் ஆதாரங்கள். வேறு யாரும் எளிதில் எட்ட முடியாத ஆதாரங்கள். அவற்றை 'அனுபவம்' என்ற பெட்டியில் போட்டுவிட்டு, கோட்பாட்டை வேறொருவர் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வாசற்படியில் தடுக்குவது அறிவு அல்ல, கைக்காசு. பயண உதவி தரும் பல மாநாடுகள், 'முதலில் நீங்கள் செலவழியுங்கள், ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம்' என்கின்றன. விமானச் சீட்டுக்கு எண்பதாயிரம் போட்டு மூன்று மாதம் காத்திருக்கும் வீடு நம்முடையது அல்ல. ஆங்கிலத் தேர்வுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். பாஸ்போர்ட், விசா, சான்றிதழ் நகல் எல்லாம் தனி. இங்கிலாந்து விசாவுக்குச் சொந்தப் பணம் காட்டுபவர் அந்தப் பணத்தை 28 நாள் தொடர்ந்து வங்கியில் வைத்திருக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு அலைந்த நாட்கள் வேறு. உதவித்தொகை அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. அதை எட்டிப் பிடிக்கும் கை எல்லோருக்கும் ஒரே நீளம் இல்லை.

போன இடத்திலும் சாதி இருக்கும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022இல் சேர்த்தது. அங்கே படித்த, வேலை பார்த்த தலித்துகள் பேசியதால் வந்த விதிகள் அவை. நீங்கள் சேரும் இடத்தில் அப்படி விதி உண்டா என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

அரசிடம் நமக்கு மூன்று கோரிக்கைகள். 2022இல் சேர்த்த அந்த வரியை நீக்கவேண்டும். தேர்வானவர் அனைவருக்கும் பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே பணம் உறுதியாகவேண்டும். ஆய்வு உதவித்தொகை மாதாமாதம் வரவேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் அதை நிறுத்தும் அதிகாரம் எந்தத் துணைவேந்தருக்கும் இருக்கக் கூடாது.

நமக்குள் செய்ய முடிந்தவை நான்கு. ஒன்று, இந்த மன்றம் ஒரு கெடு நாட்காட்டியை ஆண்டுதோறும் அச்சிட்டு, ஆதிதிராவிடர் நல விடுதிகளின் சுவரில் ஒட்டவேண்டும். இரண்டு, சுழல் நிதி. பயணத்துக்கு முன்பணம் தருவோம். மாநாடு திருப்பித் தந்ததும் மாணவர் இங்கே கட்டட்டும், அது அடுத்தவருக்குப் போகட்டும். சம்பளம் வாங்கும் நாம் ஒவ்வொருவரும் மாதம் ஒரு தொகை போட்டாலே ஆண்டுக்கு இரண்டு பேரை அனுப்பலாம். மூன்று, ஒருமுறை உதவித்தொகை பெற்றவர் தன் விண்ணப்பத்தையும் நோக்கவுரையையும் அடுத்தவருக்குப் படிக்கத் தரவேண்டும். பிராமணக் குடும்பங்களில் இது சாப்பாட்டு மேசையில் கைமாறும் அறிவு. நமக்கு மன்றம்தான் அந்த மேசை. நான்கு, பரிந்துரைக் கடிதம். நம் பேராசிரியர்கள் இரண்டு வரியில் 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த மாணவர் என்ன எழுதினார், எதில் மற்றவரைவிட ஆழமாகப் போனார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கை முடிவாகிறது.

உதவித்தொகையைப் பிச்சை போலக் கேட்கும் பழக்கத்தை விடவேண்டும். அலுவலகத்தில் குமாஸ்தா 'உங்களுக்கு எல்லாம் இலவசம்தானே' என்றால், 1944இல் நாம் போராடி வாங்கியது என்று சொல்லுங்கள். இந்த அவையிலிருக்கும் மாணவர்களில் ஒருவராவது இந்த ஆண்டு டிசம்பர் கெடுவுக்குள் ஒரு விண்ணப்பம் அனுப்பினால் இந்தச் சொற்பொழிவு வீண் போகவில்லை என்று நினைப்பேன். அனுப்புவதற்கு முன் அந்த நோக்கவுரையை மன்றத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.